பக்கிரி பெயருக்கு ஓர் அட்டை

வடக்குத்தோப்பு,
பாபநாசம் தாலுகா.
12-10-1998

அருமை மருமகள் நீலாயதாட்சிக்கு,

உன் ஒரே தாய்மாமனும், ஒன்பது கிராமத்துக்குக் கேட்கும்படி தும்மும் ஆற்றல் பெற்றவனுமான பஞ்சநதம் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதியாக வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது யாரும் நம்பாத கதை. யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்கு நானே ஜாமீன். வேண்டுமானால் முத்திரைத்தாள் வாங்கி, குடமுருட்டி ஆற்றைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

கதை என் வலது விலாவுக்குக் கீழே நடக்கிறது. அங்கே ஒரு ரைஸ் மில் ஓடுகிறது. விடிந்ததும் மோட்டாரைப் போடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் அது முதுகுக்குப் போய்விடுகிறது, அங்கிருந்து வலது தோளுக்கு. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் குத்துகிறது. முந்தாநாள் ஒரு முனகல் முனகினேன் பார், திருவாரூர்த் தேர் நிலையைவிட்டு ஒரு முழம் தானாக நகர்ந்ததாம். அடுத்த வருஷம் வடம் பிடிக்க ஆள் தேடவேண்டாம், இவர் முனகினால் போதும் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம்.

மார்ச் மாதம் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் என் ஈரலில் கொட்டைப்பாக்கு அளவு கட்டி என்று கண்டுபிடித்து, நீளமான ஊசியை விலா வழியாக விட்டு, கட்டிக்குள் சாராயத்தைச் செலுத்தினார்களே, அது நினைவிருக்கிறதா? ஐம்பத்தெட்டு வருஷம் கள்ளுக்கடை இருக்கும் தெருவில் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தவன் நான். வாய் வழியாகப் போனால்தான் அது குடி, விலா வழியாகப் போனால் வைத்தியம் என்று உங்கள் டாக்டர் மீரா உசேன் சமாதானம் சொன்னார். கட்டி செத்ததோ, போதையில் கிடக்கிறதோ, நான் அறியேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் பரிசோதனைக்கு வந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த மார்பின் மாத்திரை நாளைக்கு நாலு போதவில்லை. எட்டாக்கச் சொல். நம் ஊர் ஜெக்கரியா செவ்வாய்தோறும் வாழையிலை லாரியோடு கோயம்பேடு வருகிறான் அல்லவா, வழக்கம்போல அவனிடம் கொடுத்தனுப்பு. பிரகதாம்பாள் மாமி உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். அவளிடம் வலியைப் பற்றிக் கேட்டு எழுதாதே. அவளுக்குப் பயம் ஜாஸ்தி.

உன் மாமன்,
பஞ்சநதம்

*

சென்னை
21-10-1998

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மருந்துக் கிடங்கில் நின்றபடி படித்தேன். தேர் நகர்ந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பிறகு மூச்சு முட்டுகிறது என்ற வரியை நாலு தடவை படித்தேன். அதை நீங்கள் எப்போதும் எழுதுகிற மாதிரி எழுதவில்லை.

டாக்டரிடம் காட்டினேன். எட்டு கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஈரல் பழுதானவர்களுக்கு இந்த மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும், அதனால் ஆறுக்கு மேல் இப்போது வேண்டாம் என்றார். ஆறின் கணக்கில் அனுப்புகிறேன். இந்த மருந்து இருக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி டாக்டரிடம், ஒன்று என்னிடம். ஒவ்வொரு மாத்திரையும் யார் பெயருக்குப் போனது என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். தணிக்கைக்கு எப்போது வேண்டுமானாலும் ஆள் வருவார்கள். ஒரு மாத்திரைக்குக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால் எங்கள் லைசென்ஸ் போய்விடும். நூற்று நாற்பது பேர் இந்த அலமாரியை நம்பி இருக்கிறார்கள்.

அதனால் மாமா, ஒரே ஒரு தடவை எனக்காகச் சாதாரண மனிதர் மாதிரி பதில் எழுதுங்கள். வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள். பகலில் தூங்கித் தூங்கி விழுகிறீர்களா? மலம் சரியாகப் போகிறதா? இந்த மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் மலம் கட்டிக்கொள்ளும், அதற்குத்தான் கூடவே பேதி மாத்திரையும் அனுப்புகிறோம். நவம்பரிலேயே ஸ்கேனுக்கு வந்துவிடுங்கள். வலி இப்படி ஏறினால் கட்டி திரும்பியிருக்கலாம். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

நீலா

*

வடக்குத்தோப்பு
31-10-1998

அருமை மருமகளே,

பத்துக்குள் எண் கேட்டிருக்கிறாய். நாற்பத்தேழு. பத்தோடு நிறுத்த வேண்டும் என்று சட்டம் போட்டவர் டெல்டாவில் பிறந்திருக்கமாட்டார்.

தூக்கமா? நடவு நடக்கிற நேரத்தில் எவன் தூங்குவான்? மேட்டூர்த் தண்ணீர் இந்த வருஷம் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி தாமதமாக வந்து, வந்ததும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்க்கிறது. வாய்க்கால் தலைப்பில் நானே போய் நின்றால்தான் என் வயலுக்குத் திரும்புகிறது. வயிற்றைப் பற்றிக் கேட்டாயே, அது பாபநாசம் ஸ்டேஷன் கடிகாரம். காலை ஐந்தரைக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது.

ஆனால் வலி குறைந்தபாடில்லை. எல்லையம்மாள் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், அதற்கும் அடங்கவில்லை. மாத்திரை போட்டு மூன்று மணி நேரம் முகம் தெளிவாக இருக்கிறது. அப்புறம் பழையபடி பல்லைக் கடிப்பதுதான். எட்டாக்கிவிட்டால் இடைவெளி குறையும். டாக்டரிடம் இன்னொரு தடவை சொல்லிப் பார்.

ஸ்கேனுக்கு அறுவடை முடிந்து வருகிறேன்.

பஞ்சநதம்

*

சென்னை
10-11-1998

மாமா,

அந்த மாத்திரையை நீங்கள் சாப்பிடவில்லை.

நாளைக்கு ஆறு மார்பின் சாப்பிடுகிறவர் வயிறு ஸ்டேஷன் கடிகாரம் மாதிரி ஓடாது. பதினொரு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், ஒரே ஒருவருக்குக்கூட ஓடி நான் பார்த்ததில்லை. உங்கள் கையெழுத்து ரூல் போட்ட மாதிரி நேராக இருக்கிறது. ஜெக்கரியாவை நிறுத்தி வைத்துக் கேட்டேன். "மாமாவுக்கு என்னக்கா, நேத்துகூட மடை அடைக்க வாய்க்கால எகிறிக் குதிச்சாரு, நாந்தான் பயந்துட்டேன்" என்கிறார்.

முகம் தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தன் முகம் தெளிவாக இருப்பதை யாரும் எழுதமாட்டார்கள், மாமா. அது எதிரே உட்கார்ந்து பார்த்தவர் எழுதுவது. எல்லையம்மாள் உங்களுக்கு ஏன் ஒத்தடம் கொடுக்க வேண்டும்? மாமிக்கு என்ன ஆயிற்று? எனக்குத் தெரிந்து நம் ஊரில் ஒரே ஓர் எல்லையம்மாள்தான். கீழத்தெரு பக்கிரியின் மனைவி. நிலத்து வழக்கில் நீங்கள் ஜெயித்தீர்களே, அந்தப் பக்கிரி.

போன மாதம் உங்கள் கட்டி திரும்பிவிட்டது என்று நம்பினேன். கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் சொன்ன எதையும் சின்ன வயதிலிருந்து நான் நம்பியதில்லை, இதை மட்டும் அப்படியே நம்பினேன். ஆகஸ்டிலிருந்து உங்கள் பெயருக்கு எதிரே என் கையெழுத்து இருக்கிறது. அந்த மாத்திரைகள் யார் வயிற்றுக்குப் போயின? அவர் உயிரோடு இருக்கிறாரா? அவர் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

உடனே எழுதுங்கள். உண்மையை மட்டும்.

நீலா

*

வடக்குத்தோப்பு
19-11-1998

நீலா,

உண்மையை மட்டும் கேட்கிறாய். அந்தச் சரக்கு என்னிடம் எப்போதும் இருப்புக் குறைவு. இருப்பதைத் தருகிறேன்.

பக்கிரி உயிரோடு இருக்கிறான். மாத்திரை முழுக்க அவனுக்குத்தான் போகிறது. எனக்கு வலி கிடையாது. ஊசி போட்ட இடத்தில் மழைக்காலத்தில் கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான்.

போன மாசியில், நான் உன்னிடம் வருவதற்குப் பத்து நாள் முன்பு, கண்ணுசாமி டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கிரி வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். கண் மஞ்சளாக இருந்தது. வலது விலாவில் கையை வைத்திருந்தான். என் கையும் அப்போது அங்கேதான் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. யாரோ காமாலை என்று பேச்சை எடுத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? இருபது வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்த காமாலையில் என் வேட்டியே மஞ்சளாகி, ஊரார் என்னைக் கல்யாண மாப்பிள்ளை என்று நினைத்தார்கள் என்றேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் நாற்பது நாள் குடித்தேன், நாற்பத்தோராம் நாள் உழவு மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு நானே நுகத்தடியில் நின்று மூன்று மா நிலம் உழுதேன் என்றேன். கடையில் ஏழு பேர். ஏழு பேரும் சிரித்தார்கள்.

நான் எழுந்து வரும்போது பக்கிரி பின்னாலேயே வந்தான். "அய்யா, நீங்க சொன்னது நெசமா?" என்று கேட்டான்.

நெசம் என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. கடைக்குள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் சட்டைப்பையில் தஞ்சாவூரில் ஸ்கேன் எடுக்க டாக்டர் எழுதிய சீட்டு இருந்தது.

அவன் நாற்பது நாள் குடித்தான். குறையவில்லை என்று இன்னொரு நாற்பது நாள் குடித்தான். ஆடி மாதம் வலி தாங்காமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டி இளநீர் அளவுக்கு இருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை, கட்டிலும் இல்லை, வீட்டுக்குப் போ என்றார்கள். ஜுரத்துக்குக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை ஒரு சீட்டு கொடுத்தார்கள். வலிக்கு வேறு மருந்து சென்னையில்தான் என்றார்கள். சென்னை என்றால் அவனுக்குச் சந்திரன்.

வயலுக்குக் கீழத்தெரு வழியாகப் போகும்போது ஒரு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கலப்பைக் கொழு பாதத்தில் ஏறியபோது பல்லை இளித்துக்கொண்டு நின்றவன் அவன். அவனிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

உள்ளே போனேன். அந்த வீட்டுக்குள் அதற்கு முன் நான் போனதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது ஏறுகிறது, எப்படி முதுகுக்குப் போகிறது என்று உட்கார்ந்து கேட்டேன். பாடம் மாதிரி மனப்பாடம் செய்தேன். ஆகஸ்டில் வந்து டாக்டரிடம் அதைத்தான் ஒப்பித்தேன். ஓர் எழுத்துக்கூடக் கூட்டவில்லை. உடனே நம்பினார்.

77 புயலுக்குப் பிறகு ஊருக்கெல்லாம் காலரா ஊசி போட்டார்களே, அதில் ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டிருந்தால் இந்த ஈரல் வியாதிக்கு அதுவே விதையாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார் அல்லவா? அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் பக்கிரி. வியாதி இருவருக்கும் ஒரே வரிசையில் கிடைத்தது. வைத்தியத்துக்கு நின்ற வரிசையில்தான் எனக்கு மருமகள் இருந்தாள். மூன்றாம் நாள் கட்டில் கிடைத்தது.

நிலத்து வழக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதையும் முடித்துவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் என் ஒன்றரை மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன், 72-ல் குத்தகைப் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றச் சொல்லி மனுப் போட்டான், சங்கத்து ஆட்கள் செங்கொடியோடு கூட வந்தார்கள். இவன் உழுது நான் கண்ணால் கண்டதில்லை என்று தாசில்தார் முன்னால் சத்தியம் செய்தேன். அவரும் என்னை நம்பினார். பெயர் ஏறவில்லை. அதற்குப் பிறகு அதே வயலில் கூலிக்கு உழுதான்.

கோபத்தை என் மேல் காட்டு, மாத்திரையை நிறுத்திவிடாதே.

பஞ்சநதம்

*

சென்னை
27-11-1998

மாமா,

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தையே கையில் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்து, மடித்து, சாவியைக் கேட்டார். கொடுத்தேன். விசாரணை முடியும் வரை நான் புறநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதுகிறேன். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் இனி ஒரு மாத்திரையும் வராது. இருப்பது எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு இப்போது கொடுக்கும் ஆறுக்கு மேல் ஒன்றுகூடக் கூட்டக் கூடாது. எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், பாபநாசத்தில் டாக்டர் அமிர்தலிங்கத்திடம் ஓடுங்கள். கண் மஞ்சளாக இருக்கும் நோயாளிக்கு யாரும் பார்க்காமல் மூன்று மாதமாக இந்த மருந்து போயிருக்கிறது. ஏதாவது ஆகியிருந்தால் வலி தீர்த்தவர் என்றா உங்களைச் சொல்வார்கள்? பேதி மாத்திரையை என்ன செய்தீர்கள்? அதையும் அவருக்குக் கொடுத்தீர்களா, இல்லை அது தேவையில்லை என்று பரணில் வைத்திருக்கிறீர்களா?

இரக்கம் எனக்கும் உண்டு மாமா. ஆனால் உங்கள் பெயரில் வாங்கி அவருக்கு நீங்கள் கொடுத்தால், உங்களுக்கு மனம் மாறும் வரைதான் அவருக்கு மருந்து. நாளைக்கு நீங்கள் கோபித்துக்கொண்டால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அவர் பெயரிலேயே ஒரு நோயாளி அட்டை வேண்டும். அதற்கு டாக்டர் அவரை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் பிறகு டாக்டர் அமிர்தலிங்கம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீட்டில் பார்த்துக் கடிதம் கொடுத்தால் போதும்.

இந்த நிலையில் அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவருவது கஷ்டம் என்று தெரியும். கொண்டுவாருங்கள். டாக்டர் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், கொடுப்பதாகச் சொல்லவில்லை.

நீலா

*

வடக்குத்தோப்பு
5-12-1998

நீலா,

பேதி மாத்திரை பரணில்தான் இருந்தது. அவன் ஏன் வயிறு கல்லாகக் கிடக்கிறது என்று புலம்பினான் என்பது இப்போதுதான் புரிந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லையம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

டப்பாவில் அறுபது இருக்கிறது. அவளும் நானும் மூன்று தடவை எண்ணினோம். பத்து நாளைக்குச் சரி. ஜெக்கரியா பதினைந்தாம் தேதி செவ்வாய் விடியலில் கோயம்பேட்டில் இலையை இறக்குகிறான். அன்றைக்குக் காலையில்தான் கடைசி மாத்திரை. அன்று டாக்டர் இல்லை என்று யாராவது சொன்னால், அல்லது பார்த்துவிட்டுக் கையை விரித்தால், அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக நான் பொய்யே பேசவில்லை, மாமி எனக்கு ஜுரம் என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

பக்கிரியிடம் விஷயத்தைச் சொன்னேன். உன் பெயரை அங்கே புஸ்தகத்தில் எழுதினால்தான் இனி மருந்து என்றேன். சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதுக்கும் நீங்கதான் கூட வர்றீங்களா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"அங்க வந்து, இவனுக்கு வலிச்சு நான் கண்ணால கண்டதில்லன்னு சொல்லிடாதீங்க."

எல்லையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்தவன் முப்பது வருஷமாக என் வயலில் குனிந்துகொண்டிருந்திருக்கிறான்.

அவனால் பஸ்ஸில் உட்கார முடியாது. லாரியில் இலைக்கட்டுகளுக்கு நடுவே வைக்கோல் பரப்பி, மேலே இலை போட்டுப் படுக்க வைக்கப்போகிறோம். தலைமாட்டில் நான், கால்மாட்டில் எல்லையம்மாள். வழியில் மழை பிடித்தால் தார்ப்பாய் இருக்கிறது. ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நில்.

பஞ்சநதம்

*

சென்னை
17-12-1998

அன்புள்ள மாமாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த செய்தியை ஜெக்கரியா கோயம்பேட்டு ஆட்கள் மூலம் சொல்லி அனுப்பினார். அதுவரை போனைப் பார்த்தபடியே இருந்தேன்.

டாக்டர் உங்களை வெளியே உட்காரச் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். உள்ளே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டார். பக்கிரி முதலில் மூன்று என்றார். பெரிய டாக்டர் முன்னால் அதற்கு மேல் சொன்னால் மரியாதை இல்லை என்று நினைத்தார் போல. நான் விலாவில் லேசாகக் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. பிறகு டாக்டர், மாத்திரை வேறொருவர் பெயரில் வந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியுங்க. அய்யா நமக்காகப் பொய் சொல்றாருன்னு தெரியும். இத்தினி வருசம் நமக்கு எதிராவே சொன்னாரு, இப்பதான் நம்ம பக்கம் சொல்றாரு. தடுக்க மனசு வல்லீங்க" என்றார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அந்த இடைவெளியில் நானே கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்னது இதுதான்: "அய்யா சொன்னதுக்காகவா குடிச்சேன்? ஸ்கேன் தஞ்சாவூர்ல இருந்துச்சும்மா. கீழாநெல்லி வரப்புல இருந்துச்சு."

மாமா, அவர் பெயரைப் பதிவேட்டில் நான் எழுதவில்லை. என்னிடம் சாவியும் இல்லை, அந்தப் புத்தகத்தைத் தொடும் உரிமையும் இப்போது இல்லை. டாக்டரே எழுதினார். பக்கிரி, தகப்பனார் பெயர் அய்யாவு, எண் நூற்று நாற்பத்தொன்று. அட்டையைப் பக்கிரியின் கையில்தான் கொடுக்கச் சொன்னார், உங்கள் கையில் அல்ல.

உங்கள் பக்கத்து மாவட்டங்களுக்கும் இந்த மருந்து கிடைக்க வழி கேட்டு டாக்டர் மேலே எழுதியிருக்கிறார். எப்போது பதில் வரும் என்று தெரியாது. பூம்புகாரிலிருந்து ஒரு மீனவப் பெண்மணி போன வாரம் மூன்று பஸ் மாறி வந்தார். அவருக்காகப் பொய் சொல்ல ஒரு மாமாகூட இல்லை.

உங்கள் ஸ்கேன் தை மாதம். தப்பிக்க முடியாது.

நீலா

*

வடக்குத்தோப்பு
8-2-1999

அருமை மருமகள் நீலாயதாட்சிக்கு,

ஒன்பது கிராமத்துக்குக் கேட்கும்படி தும்மும் பஞ்சநதம் எழுதுவது.

போன புதன்கிழமை பக்கிரி காலமானான். இறுதி ஊர்வலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முன்னால் ஐம்பது யானை. பாபநாசத்தில் இடம் போதாமல் பின்வரிசை யானைகள் கும்பகோணத்திலேயே நின்றுவிட்டன. இரண்டு கழகத்துக்காரர்களும் ஒரே காரில், ஒரே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். செங்கொடியைப் போர்த்தியபோது குடமுருட்டியில் தண்ணீர் தானாக இரண்டடி ஏறியது, மேட்டூரில் கேட்டதற்கு நாங்கள் திறக்கவில்லை என்கிறார்கள். டாக்டர் அமிர்தலிங்கம் பட்டு வேட்டி கட்டிக் குதிரையில் வந்தார். நான் தாலுகா ஆபீசுக்குப் போய், 72-ல் சொன்னது பொய், பக்கிரி உழுததைப் பன்னிரண்டு வருஷம் இதே கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக்கொடுத்தேன். தாசில்தார் எழுந்து நின்று மாலை போட்டார். பதிவேடு வெட்கப்பட்டுத் தானாகவே பக்கத்தைத் திருப்பிக்கொண்டது.

எல்லாம் முடிந்த மறுநாள் கண்ணுசாமி கடைக்குப் போனேன். எனக்குக் காமாலையே வந்ததில்லை, கீழாநெல்லிக் கதை பொய், பையில் ஸ்கேன் சீட்டை வைத்துக்கொண்டு பக்கிரியிடம் அதை நெசம் என்று சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "பஞ்சநதம், இன்னிக்குப் புதுசா ஒண்ணு அவுத்து விடுறீங்களே" என்று கண்ணுசாமி இன்னொரு டீ கொடுத்தான். சிரித்தார்கள். நான் குடிக்கவில்லை.

வரப்பில் இருந்ததைத்தான் குடித்தேன் என்று பக்கிரி உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தாய். அது எனக்காகச் சொன்னதா, உள்ளதைச் சொன்னதா என்று அவனிடமே கேட்டேன். "ரெண்டும்தான். படுங்க போயி" என்றான்.

மீதி இருபத்திரண்டு மாத்திரையை ஜெக்கரியாவிடம் கொடுத்திருக்கிறேன். எல்லையம்மாளே எண்ணிக் கட்டினாள். என்னைத் தொடவிடவில்லை. அட்டையை மட்டும் தரமாட்டேன் என்கிறாள். சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். அதற்காக உன்னிடம் யாரும் கேள்வி கேட்டால் மாமன் தின்றுவிட்டான் என்று சொல். உன் சாவி வந்ததா? அதை எழுது முதலில்.

வழக்கம்போல இந்தக் கடிதத்தில் யானை பொய், குதிரை பொய், தண்ணீர் பொய். தாலுகா ஆபீஸும் இன்றைய தேதி வரை பொய்தான். வேட்டியைத் துவைத்துப் போட்டிருக்கிறேன், வருகிற திங்கட்கிழமை அந்த ஆபீஸைப் பொய்யில் வைத்திருப்பதா வேண்டாமா என்று பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே சொன்னேன், யாரும் நம்பாத கதை என்று.

பொய்க் கணக்கிலிருந்து ஒன்றை மட்டும் கழித்துக்கொள். உங்களிடம் வந்துவிட்டுப் போன நாளிலிருந்து கடைசி வரை, ஏழு வாரம், பக்கிரி படுத்தால் தூங்கினான். நான் வாசலில் நின்று பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, ஒரு வேலையும் பாக்கி இல்லாதவன் மாதிரி தூங்கினான். அது நிஜம்.

உன் மாமன்,
பஞ்சநதம்